65 வயதில் ஒரு கலகம்

1970-இல் மேகி கூனுக்கு 65 வயது. அமெரிக்காவில் பிரெஸ்பிட்டேரியன் திருச்சபை அலுவலகத்தில் வேலை. வயதாகிவிட்டது என்று வழியனுப்பியவர்கள் நினைவுப் பரிசாக ஒரு தையல் இயந்திரத்தைக் கொடுத்தார்கள். அவர் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

அதே கதிக்கு ஆளான தோழிகள் சிலரைத் திரட்டினார். அந்தக் கூட்டம்தான் பிறகு ‘கிரே பாந்தர்ஸ்’ ஆயிற்று. கறுப்பினத்தவரின் ‘பிளாக் பாந்தர்ஸ்’ இயக்கத்தைக் குறும்பாக நினைவூட்டும் அந்தப் பெயர் தொலைக்காட்சிக்காரர் ஒருவர் சூட்டியதாம்.

முதியோர் சங்கம் என்றதும் பஜனையும் சுற்றுலாவும் நினைவுக்கு வருகிறவர்களுக்கு இது வேறு ரகம். இளைஞர்களையும் சேர்த்துக்கொண்டு வியட்நாம் போரை எதிர்த்தார்கள். முதியோர் இல்லங்களின் சீர்கேட்டையும் காதுக்கருவி விற்பனையில் நடந்த மோசடிகளையும் அம்பலப்படுத்தினார்கள். 1974-இல் அமெரிக்க மருத்துவச் சங்க மாநாட்டுக்கே போய், அந்தச் சங்கம்தான் நோயாளி என்று நாடகம் போட்டார்கள்!

இவர்கள் எதிர்த்துவந்த கட்டாய ஓய்வுக்கான வயது 1978 சட்டத்தால் 70 ஆக உயர்ந்தது. 1986-இல் பெரும்பாலான வேலைகளில் கட்டாய ஓய்வே அறவே ஒழிந்தது. முழுப் பெருமையும் இவர்களுக்கே என்றால் மிகை. நாடாளுமன்றத்தில் அதற்காக வாதாடிய உறுப்பினர் கிளாட் பெப்பருக்கும் பங்குண்டு; 1978-இல் அவருக்கே வயது எழுபதைத் தாண்டியிருந்தது.

கூன் பிலடெல்பியாவின் ஜெர்மன்டவுன் பகுதியில் இருந்த தன் வீட்டை இளையவர்களோடு பகிர்ந்துகொண்டு வாழ்ந்தார். 1995-இல் காலமானார்.