மணவாளக்குறிச்சி மணலும் திராவகம் தாங்கும் உலோகமும்

இரும்பைத் துரு தின்னும். திராவகம் அதனினும் விரைந்து தின்னும். ரப்பர்ப் பாலை உறைய வைக்கப் பார்மிக் திராவகத்தைக் கையாண்ட ஆயர் தாவார் வட்டாரத் தோட்ட மக்களுக்கு இதை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. பால் உறையும் தொட்டிக்கு இரும்பை விட்டு அலுமினியத்தை நாடியதற்கு இதுவும் ஒரு காரணம். இரசாயனத் தொழிற்சாலைகளிலோ, கொதிக்கும் கடுந்திராவகங்கள் இரவும் பகலும் குழாய்களில் ஓடுகின்றன. அங்கே ஒரு குழாய் அரிக்கப்பட்டு உடையுமாயின், அருகில் நிற்கும் தொழிலாளியின் உயிருக்கே ஆபத்து. ஆகவே, திராவகம் தாங்கும் உலோகத்தை அறிஞர் நெடுநாள் தேடினர். அத்தேட்டத்தில் சிறப்பிடம் பெற்றது டைட்டானியம்.

பேராக்கைப் போலவே வெள்ளீயத்துக்குப் பெயர்பெற்றது இங்கிலாந்தின் கார்ன்வால். அங்கே 1791இல் வில்லியம் கிரிகர் என்னும் பாதிரியார் ஓடைக் கருமணலில் இப்புதிய தனிமத்தைக் கண்டார். 1795இல் அதற்குப் பெயர் சூட்டியவர் ஜெர்மானிய அறிஞர் கிளாப்ரோத்.

தமிழகத்துக்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. 1909இல் ஷோம்பர்க் என்னும் ஜெர்மானியர், அந்நாளில் திருவிதாங்கூரிலிருந்து சென்ற கயிற்றில் ஒட்டியிருந்த மணலை ஆராய்ந்து, மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கனிவளத்தை அறிந்தார். அவர் நாடியது விளக்கு வலைகளுக்கு வேண்டிய மோனசைட்டு. ஆனால் அதே மணலில் டைட்டானியத்தின் மூலமாகிய கரிய இல்மனைட்டும் நிறைந்திருந்தது. பேராக் ஈயச் சுரங்கங்களில் எஞ்சிய ‘அமாங்’ மணலிலும் இல்மனைட்டு உண்டு.

மணல் எளிதிற் கிடைத்தது. உலோகம் அவ்வாறு கிடைக்கவில்லை. 1910இல் அமெரிக்காவில் ஹண்டர் தூய டைட்டானியத்தைப் பிரித்தெடுத்தார். லக்சம்பர்க் நாட்டினரான குரோல், மக்னீசியத்தின் துணையால் பிரிக்கும் முறைக்கு 1940இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற பின்னரே பேரளவு உற்பத்திக்கு வழி பிறந்தது.

இவ்வுலோகத்தைக் காப்பது அதன் மேனியிற் படியும் மெல்லிய ஆக்சைடு படலம். கீறினாலும், காற்றோ ஈரமோ இருந்தால் அப்படலம் உடனே வளர்ந்துவிடும். ஆதலின் ஈரமுள்ள குளோரின் வாயுவை டைட்டானியம் தாங்கும்; ஈரமற்ற குளோரினிலோ தீப்பற்றி எரியும். தோட்டத்தார் அறிந்த பார்மிக் திராவகத்தையும், காற்றுக் கலந்திருந்தால் தாங்கும். காற்றின்றிச் சூடேறினால் அதற்கு இரையாகும்.

இக்குறையை நீக்கவே கலப்புலோகங்கள் தோன்றின. டைட்டானியத்துடன் சிறிதளவு பல்லேடியம் சேர்த்தால் ஹைட்ரோகுளோரிக் போன்ற திராவகங்களில் அரிப்பு வெகுவாகக் குறையும் என்று 1959இல் ஸ்டெர்ன், வைசன்பர்க் இருவரும் காட்டினர். 0.2 விழுக்காடு அளவே போதுமாயினும் பல்லேடியம் விலைமிக்கது. ஆதலின், அத்துணைக் கடுமையில்லாத இடங்களுக்கு மாலிப்டினமும் நிக்கலும் சிறிது கலந்த வகை உருவாயிற்று.

செங்கற்பட்டு மாவட்டத்துக் கல்பாக்கத்திலும் இச்சிக்கல் எழுந்தது. அணு எரிபொருளை மறுபடி பதப்படுத்தக் கொதிக்கும் நைட்ரிக் திராவகம் வேண்டும். டைட்டானியம் கரைந்த பழைய திராவகம் கலத்தை அவ்வளவாக அரிப்பதில்லை. ஆவியாகி மீண்டும் துளிர்க்கும் புதுத் திராவகமே மிகுதியாக அரிக்கும். ஆகவே 5 விழுக்காடு டாண்டலமும் 1.8 விழுக்காடு நியோபியமும் கலந்த டைட்டானியத்தை இந்திய அறிஞர் ஆக்கினர்.

மணவாளக்குறிச்சி மணலின் வளம் வெளிப்பட்ட 1909க்கும், கேரளத்துச் சவராவில் டைட்டானியக் கடற்பஞ்சு உலோக ஆலை தொடங்கிய 2011க்கும் இடையே 102 ஆண்டுகள் கழிந்தன. மண்ணில் வளமிருப்பது மட்டும் போதாது. அதை உலோகமாக்கும் கல்வியும் வேண்டும். உலோகத்தின் புகழை மட்டும் நோக்காது, அது நிற்கப்போகும் இடத்தின் காற்றையும் ஈரத்தையும் வெப்பத்தையும் ஆராய்ந்து தேர்வதே அக்கல்வியின் பயன். தொழிலாளியின் உயிரைக் காப்பதும் அதுவே.