ஓய்வுபெற்ற தேஜேவே ரயில்கள்

பிரெஞ்சில் மனிதர் ஓய்வுபெற்றால் 'ரெத்ரெத்' என்பார்கள். பிரெஞ்சு அரசின் பென்ஷன் வாங்கியவர்கள் நிறையப் பேர் இருந்ததால், புதுச்சேரியில் அது வீட்டுச் சொல்லாகவே புழங்கியது. ரயில் ஓய்வுபெற்றால் வேறு சொல்: 'ரதியாசியோன்'. பதிவேட்டிலிருந்து அடித்துவிடுவது என்று பொருள்.

அரசு அலுவலகத்தில் ஸ்டாக் ரிஜிஸ்டர் எழுதியவர்களுக்கு இது புரியும். ஜீப்பைக் 'கண்டெம்' செய்து அடித்துவிட்டால் மட்டும் போதாது. அது எங்கே போயிற்று, ஏலமா, வேறு அலுவலகமா என்றும் எழுதியாக வேண்டும். பிரான்சின் அதிவேக மின்சார ரயிலான தேஜேவேக்கு அப்படி எழுதினால் என்ன வரும்?

1981 செப்டம்பரில் பாரிஸ் - லியோன் பாதையில் அந்த ரயில் ஓடத் தொடங்கியது. ஆரஞ்சு நிறம், வேகம் மணிக்கு 260 கிலோமீட்டர். அதே ஆண்டு பிப்ரவரி 26 அன்று 16ஆம் எண் வண்டி 380 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டு உலக சாதனை படைத்தது. அந்த முதல் வரிசையில் நூற்றுக்கும் மேற்பட்ட வண்டிகள் கட்டப்பட்டன. ஒவ்வொன்றும் 200 மீட்டர் நீளம்: இரு முனைகளிலும் என்ஜின், நடுவில் எட்டுப் பெட்டிகள். ஏறக்குறைய நாற்பது ஆண்டு உழைத்தபின் அவை விடைபெற்றன.

முதல் வழி, வேலை மாற்றம். 1984 முதல் 2015 வரை பிரெஞ்சு அஞ்சல் துறைக்காக மஞ்சள் நிற தேஜேவே ரயில்கள் ஓடின. இருக்கைகள் கிடையாது, கடிதங்களும் பார்சல்களும்தான் பயணிகள். பயணிகளை ஏற்றிச் சென்ற ஒரு வண்டியும் பின்னாளில் இந்த வேலைக்கு மாற்றப்பட்டது. கடிதம் எழுதுவோர் குறைந்தார்கள், அதுவும் நின்றது.

இரண்டாம் வழி, வேறு நாட்டுக்குக் கொடுப்பது. "நமக்குக் கொடுத்தால் ஓட்டமாட்டோமா?" என்று நண்பர்கள் கேட்பதுண்டு. மின்சாரம் தடையில்லை. 1957இல் இந்திய ரயில்வே பிரெஞ்சு ரயில்வேயின் ஆலோசனையோடுதான் 25,000 வோல்ட் முறையைத் தேர்ந்தெடுத்தது. தேஜேவே ஓடுவதும் அதே 25,000 வோல்ட்டில்தான். ஆனால் தண்டவாளங்களுக்கு இடையே அங்கே 1,435 மில்லிமீட்டர். நமது அகலப்பாதையில் 1,676. சக்கரத்தை மாற்றிவிடலாமே என்றால், அதுவும் எளிதல்ல.

காரணத்தைச் சொல்கிறேன். நாம் பெட்டியையே 'போகி' என்கிறோம். உண்மையில் போகி என்பது பெட்டிக்கு அடியில் இருக்கும் சக்கரச் சட்டம். சாதாரண ரயிலில் ஒரு பெட்டிக்கு இரண்டு போகிகள். தேஜேவேயில் அடுத்தடுத்த இரண்டு பெட்டிகள் ஒரே போகியின் மேல் உட்கார்ந்திருக்கும். அதனால் பெட்டியைத் தனியாகக் கழற்றி ஓட்ட முடியாது. எட்டும் சேர்ந்து ஒரே உடம்பு.

அந்த இணைப்பின் அருமை 1993 டிசம்பர் 21 அன்று தெரிந்தது. பிக்கார்தி பகுதியில் மணிக்கு 294 கிலோமீட்டர் வேகத்தில் வந்த ஒரு தேஜேவே தடம் புரண்டது. முதல் உலகப் போர்க்காலத்தில் தோண்டப்பட்ட பள்ளம் ஒன்று மழையில் பாதைக்கு அடியில் சரிந்ததுதான் காரணம். பெட்டிகள் மடங்கவில்லை, கவிழவில்லை. ஒருவரும் இறக்கவில்லை.

மூன்றாம் வழி, காட்சிக்கு வைப்பது. 1972இல் வாயு டர்பைனில் ஓடிய முன்மாதிரி வண்டியின் என்ஜின்கள் இரண்டும் இன்று நெடுஞ்சாலை ஓரங்களில் நிற்கின்றன: ஒன்று பெல்ஃபோரில், மற்றொன்று ஸ்த்ராஸ்பூருக்கு அருகே பிஷ்ஹைமில். சாதனை படைத்த 16ஆம் எண்ணும் பாதுகாப்புக்கு ஒதுக்கப்பட்டது. ஜப்பான் தன் முதல் ஷின்கான்சென் வகையில் ஒரு பெட்டியை இங்கிலாந்துக்கு அனுப்பியது. 2001 முதல் அது யார்க் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

மீதி எல்லாவற்றுக்கும் நான்காம் வழிதான்: உடைப்பது. ஒரு வண்டி 380 டன்னுக்கு மேல். எஃகும் செம்பும் மறுபடி உருகிப் பயன்படும். பழைய ரயில்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும் என்பதால் முதலில் அதைப் பாதுகாப்பாக அகற்ற வேண்டும். பிரான்சு அதை 1997 முதல் தடை செய்துவிட்டது. எனவே உடைப்பதும் செலவுள்ள காரியம். நூறு ரயில்களை நிறுத்தி வைத்துத் துருப்பிடிக்க விடுவதைவிட அது நல்லது. அதில் எனக்கு வருத்தமில்லை.

எனக்கு உள்ள குறை வேறு. எந்த நாட்டிலும் அதிவேக ரயிலைக் காப்பாற்றுவது என்றால் முதலில் தேடுவது கூர்மையான மூக்கைத்தான். படம் எடுக்க அழகு, குழந்தைகளும் விரும்புவார்கள். ஆனால் பயணி மூக்கில் உட்கார்ந்து போகவில்லை. 1993இல் அத்தனை பேரையும் உயிரோடு இறக்கிவிட்டதில் பெரிய பங்கு இரண்டு பெட்டிகளுக்கு நடுவே யார் கண்ணுக்கும் படாமல் கிடந்த அந்த இணைப்புக்கு உண்டு.

ஆகவே அருங்காட்சியகத்தார் என்னைப் போன்ற குமாஸ்தாவிடம் யோசனை கேட்டால் ஒன்று சொல்வேன். ஒரு என்ஜினோடு, சேர்ந்தே இருக்கும் இரண்டு பெட்டிகளையும் வையுங்கள். நடுவில் உள்ள போகியைப் பார்க்கக் கீழே ஒரு குழியும் விளக்கும் போதும். எதை வைப்பது என்பதை உடைக்கும் இடத்துக்கு வண்டி போகும் முன்பே முடிவு செய்யுங்கள். பதிவேட்டில் அடித்த பிறகு, அடித்த கோட்டை அழிக்க முடியாது.