வளரியா, மஸ்கட்டா?

எங்க மேலூர்ப் பக்கம் டீக்கடையில பழைய சண்டைகளைப் பத்திப் பேச்சு வந்தா கடைசியில ஒரே இடத்துலதான் வந்து நிக்கும்: "வெள்ளைக்காரன்கிட்ட துப்பாக்கி இருந்துச்சு, நம்மாளுககிட்ட வேலும் வளரியும்தான். தூர நின்னு சுட்டே முடிச்சுட்டான்." கேக்க சரியாத்தான் இருக்கு. ஆனா அந்தத் துப்பாக்கி எம்புட்டு தூரம் சுட்டுச்சு?

18ஆம் நூற்றாண்டுல கம்பெனிப் படை தூக்கிட்டு அலைஞ்சது ரைஃபிள் இல்லீங்க, மஸ்கட். செல்லப்பேரு பிரவுன் பெஸ். குழாயோட உள்விட்டம் முக்கால் அங்குலம், அதுக்குள்ள போற ஈயக் குண்டு சுமார் 0.69 அங்குலம். ஏன் இப்படி லூசா? நாலஞ்சு தடவை சுட்டாலே மருந்துக் கரி உள்ள அப்பிக்கும், டைட்டான குண்டு அப்புறம் இறங்காது. அதனால குண்டு குழாய்ச் சுவத்துல இடிச்சு இடிச்சுத்தான் வெளிய வரும். கடைசியா எங்க இடிச்சுதோ அதுக்குத் தக்கபடி திசை மாறும். குறிபாக்கப் பின்பக்கத்துல ஒண்ணுமே கிடையாது.

அமெரிக்கச் சண்டையில இருந்த ஜார்ஜ் ஹேங்கர்ங்கிற ஆங்கிலேய அதிகாரி 1814ல எழுதுறாரு: நல்லா செஞ்ச மஸ்கட் 80 கஜத்துல ஒரு ஆள் மேல படும், 100லகூட படலாம், 200 கஜத்துல ஒரு ஆளைக் குறிவெச்சா சுத்த வீண். பிரஷ்யாவுல ஒரு பட்டாளத்தையே நிக்க வெச்சு 100 அடி நீள, 6 அடி உயர திரையைச் சுடச் சொன்னாங்க. 75 கஜத்துல 60 சதவீதம் பட்டுச்சு, 225 கஜத்துல 25. திரை ஓடாது, திருப்பி அடிக்காதுங்கிறதையும் சேத்துக்குங்க!

இப்ப நம்ம வளரிக்கு வருவோம். ஜேம்ஸ் வெல்ஷ்ங்கிற கம்பெனி அதிகாரிக்கு ஈட்டியும் வளரியும் எறியக் கத்துக்குடுத்தவரே சின்ன மருது. பின்னாடி அவரையே எதிர்த்துச் சண்டைக்கு வந்த வெல்ஷ், 1830ல வந்த தன் புத்தகத்துல வளரி 100 கஜத்துக்குள்ள தப்பாம போய்ச் சேரும்னு எழுதி வெச்சிருக்காரு. அதாவது மஸ்கட்டை நம்பிச் சுடக்கூடிய அதே தூரம். நம்மாளுககிட்டயும் துப்பாக்கி இல்லாம இல்ல, திரி வெச்சுச் சுடுறது.

1755ல இதைக் கண்ணால பாத்தவர் கர்னல் ஹெரான். கோவில்குடியில இருந்து சாமி சிலைகளைத் தூக்கிட்டுப் போன அவரோட படையை நத்தம் கணவாயில மடக்கி, சிலைகளைக் கள்ளர்கள் திருப்பிக் கொண்டுவந்துட்டாங்க. ரெண்டு பக்கமும் காடு, நடுவுல நீளமா வண்டி வரிசை. வரிசையா நிக்க இடமே இல்லாதப்ப மஸ்கட்டால என்ன பண்ண முடியும்? 1801லயும் இதே கதைதான். சிறுவயல்ல இருந்து காளையார்கோவிலுக்குக் காட்டை வெட்டி வழிபோட கர்னல் அக்னியூ படை ஒரு மாசம் மல்லுக்கட்டி, முடியாம விட்டுட்டு, பிறகுதான் வேற வழியா வந்து அக்டோபர் 1ல பிடிச்சாங்க.

மஸ்கட்டோட பலம் குறி இல்ல. நூறு பேர் தோளோடு தோள் ஒட்டி நின்னு ஒரே நேரத்துல சுடணும், நிமிஷத்துக்கு மூணு தடவை சுடணும், அப்புறம் முனையில சொருகுன கத்தியோட பாயணும். கூடவே பீரங்கி, குதிரை, மாசாமாசம் சம்பளம். இதெல்லாம் வெட்டவெளிக்குத்தான் சரி. இல்லன்னா எதிராளி தப்பிக்க வழியில்லாத இடம் வேணும்.

மேலூர்ல நடந்தது அந்த ரெண்டாவது. 1767ல கேப்டன் ரம்லி படையோட வந்து வெள்ளாளப்பட்டியைச் சுத்தி வளைச்சுத் தீ வெச்சாரு. வெளிய ஓடிவந்தவங்களை ஆம்பள, பொம்பள, புள்ளன்னு பாக்காம கொன்னாங்க. சுமார் 3000 பேர்னு நெல்சனோட மதுரை மேனுவல் (1868) சொல்லுது. எரியுற வேலியில இருந்து ஓடி வர்ற ஆளைச் சுடக் குறி எதுக்கு? "தூர நின்னு சுட்டான்"னு நாம சொல்றப்ப இந்த ஊர் கணக்குல வராமப் போயிடுது, அதான் எனக்கு உறுத்துது.

நிஜ ரைஃபிள், அதாவது குழாய்க்குள்ள திருகு மாதிரி பள்ளம் வெட்டி குண்டைச் சுழல விடுறது, பிரிட்டிஷ் படைக்கு பேக்கர் ரைஃபிளா 1800லதான் வந்துச்சு. 200 கஜம் நம்பிச் சுடலாம். ஆனா குண்டை இறுக்கி இறக்கணும், ரொம்ப மெதுவு. அதனால தனிப் பிரிவுகளுக்கு மட்டும்தான். எல்லா சிப்பாய்க்கும் ரைஃபிள்ங்கிறது 1853 மாடல் என்ஃபீல்டோடதான் ஆரம்பிச்சது, 1857ல கொழுப்புத் தோட்டாவால கலவரத்துக்குப் பேர்போன அதேதான். அடிப்பக்கம் குழிஞ்ச குண்டு வெடிக்கிறப்ப விரிஞ்சு பள்ளத்தைப் பிடிச்சுக்கும். 300 கஜத்துல ஒரு ஆளைக் குறிபாக்கலாம்.

டீக்கடைக் கதையில வர்ற துப்பாக்கி இதுதான். இது வர்றதுக்கு அம்பது வருஷம் முன்னாடியே, 1801 டிசம்பர்ல, கவர்னர் எட்வர்டு கிளைவ் உத்தரவு போட்டு பாளையக்கார நாடு முழுக்க ஆயுதத்தைப் பிடுங்கியாச்சு.