அடுத்த சுரம்

புஷ்கின் எழுதிய ‘யெவ்கேனி ஒனேகின்’ என்ற செய்யுள் நாவலை எழுத்தெழுத்தாக எண்ணியவர் ஒருவர் உண்டு. பெயர் ஆந்திரேய் மார்க்கவ்; ரஷ்யக் கணித அறிஞர். நூலின் தொடக்கத்திலிருந்து 20,000 எழுத்துகளை எடுத்துக்கொண்டார். நிறுத்தக்குறிகளையும் இடைவெளிகளையும் தள்ளிவிட்டு, பத்துக்குப் பத்து கட்டம் போட்டு எழுத்துகளை நிரப்பி, எல்லாவற்றையும் கையாலேயே எண்ணினார். உயிரெழுத்து 8,638. மெய்யெழுத்து 11,362. அதோடு நிறுத்தாமல் இன்னொன்றையும் எண்ணினார். ஓர் உயிருக்கு அடுத்து மறுபடி உயிரே வருவது எத்தனை முறை? மெய்க்கு அடுத்து உயிர் வருவது எத்தனை முறை? முதலாவது நூற்றுக்குச் சுமார் 13, இரண்டாவது நூற்றுக்குச் சுமார் 66.

1913 ஜனவரியில் செயின்ட் பீட்டர்ஸ்பர்கின் அறிவியல் அகாடமியில் இந்தக் கணக்கை அவர் வாசித்தார். நிறைய முறை நடந்தால் சராசரி ஓரிடத்தில் நிலைத்துவிடும் என்கிற பேரெண் விதி, ஒன்றையொன்று சாராத நிகழ்வுகளுக்குத்தான் பொருந்தும் என்று நெக்ரசோவ் என்ற இன்னொரு கணித அறிஞர் சொல்லிவந்தார். மனிதனின் சுதந்திர விருப்பம் வரைக்கும் அந்த வாதத்தை அவர் இழுத்துச் சென்றதை மார்க்கவால் ஏற்க முடியவில்லை. ஒன்றைச் சார்ந்து ஒன்று வரும்போதும் அந்த விதி நிற்கும் என்பது மார்க்கவின் கட்சி. அதற்கு அவர் கொண்டுவந்த சாட்சிதான் இந்தக் காவியம். இசை பற்றிய நினைப்பே அதில் இல்லை.

அந்தக் கணக்கை ஒரு சிறிய அட்டவணையில் அடக்கிவிடலாம். இடப்பக்கம் இப்போது இருப்பது, மேலே அடுத்து வருவது, நடுவில் வாய்ப்பு. என் கணினியில் மெட்டுப் போட்டுத் தரும் ஒரு பிளகின் இருக்கிறது. அதைத் திறந்தால் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு கட்டம் திரையில் விரியும். அதே அட்டவணைதான், உயிரும் மெய்யும் இருந்த இடத்தில் சுரங்கள் இருக்கின்றன. இங்கே வந்துசேர அதற்கு நூறு ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது.

முதலில் அதைத் திருப்பிப் பிடித்தவர் பெல் ஆய்வகத்தின் கிளாட் ஷானன். எண்ணுவதற்கு இருந்த அட்டவணையை அவர் எழுதுவதற்குப் பயன்படுத்தினார். ஏதாவதொரு புத்தகத்தைக் கண்ட இடத்தில் பிரித்து ஓர் எழுத்தைக் குறித்துக்கொள்வது. வேறொரு பக்கத்தைப் பிரித்து, அதே எழுத்து வரும்வரை தேடி, அதற்கு அடுத்த எழுத்தைக் குறிப்பது. இப்படியே போனால் ஆங்கிலம் போலத் தோன்றுகிற, ஆனால் பொருளில்லாத எழுத்துச் சரம் கிடைக்கும். முன்னால் உள்ளவற்றை அதிகம் பார்க்கப் பார்க்க அது ஆங்கிலத்தை நெருங்கிவருவதை 1948இல் வெளியான தன் புகழ்பெற்ற கட்டுரையில் அவர் காட்டினார்.

அங்கிருந்து இசைக்குள் வந்த கதை எனக்கு மிகவும் பிடித்தது. லெஜாரன் ஹில்லர் தொழிலால் வேதியியலாளர், இசையும் முறையாகப் படித்தவர். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இல்லியாக் என்ற கணினி இருந்தது. ஐந்து டன் எடை, 2,800 வெற்றிடக் குழாய்கள். நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் எப்படிச் சுருண்டு கிடக்கும் என்று அதில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த ஹில்லருக்கு ஒன்று தோன்றியது. அடுத்த அணு எந்தப் பக்கம் திரும்பும் என்று எண்களை உருட்டிப் பார்க்க முடியுமானால், அடுத்த சுரத்தையும் அப்படிப் பார்க்கலாம் அல்லவா? லெனார்ட் ஐசக்சனோடு சேர்ந்து அதைச் செய்தார். கணினி எண்களை உருட்டும். எதிரிசை விதிகளுக்குப் பொருந்தாததைக் கழிக்கும். மிஞ்சியதை மனிதர்கள் நோட்டேஷனாக எழுதுவார்கள். 1956 ஆகஸ்ட் 9 அன்று நான்கு தந்திக் கலைஞர்கள் அதன் மூன்று பகுதிகளை மேடையில் வாசித்தார்கள். பிறகு சேர்ந்த நான்காம் பகுதி முழுக்க மார்க்கவின் அட்டவணையில் பிறந்தது. ‘இல்லியாக் சூட்’ என்பது அதன் பெயர்.

அதே காலத்தில் ஹார்வர்டில் ஒரு குழு இன்னும் நேரடியான கேள்வியைக் கேட்டது. அக்குழுவில் இருந்த ஃபிரெடரிக் புரூக்ஸ் பின்னாளில் ஐபிஎம்மின் சிஸ்டம்/360 கணினித் திட்டத்தை நடத்தியவர். ஒரே யாப்பில் அமைந்த 37 கிறிஸ்தவத் துதிப்பாடல்களின் மெட்டுகளை எடுத்து, எந்தச் சுரத்துக்கு அடுத்து எது வருகிறது என்று அவர்கள் அட்டவணை போட்டார்கள். அட்டவணையின் நினைவை, அதாவது அடுத்ததைச் சொல்ல அது முன்னால் எத்தனை சுரம் பார்க்கிறது என்பதை, எட்டுப் படிகளாக நீட்டிப் பார்த்தார்கள். சுமார் 600 மெட்டுகள் பிறந்தன. 1957இல் வெளியான அவர்களுடைய கட்டுரையின் முடிவு இது: நினைவு குறைவாக இருந்தால் மெட்டு தடுமாறுகிறது, பாடவே வராத தாவல்கள் விழுகின்றன. நினைவு அதிகமானால் 37 பாடல்களில் ஏதோ ஒன்று அப்படியே திரும்பி வருகிறது. நல்ல மெட்டுகள் கிடைத்தது நடுவில் இருந்த கொஞ்ச இடத்தில்தான்.

இதைப் புரிந்துகொள்ளக் கணினி தேவையில்லை. சங்கீதம் கற்கப் போன எவருக்கும் முதல் சரளி வரிசை தெரியும்: ஸ ரி க ம ப த நி ஸ, பிறகு ஸ நி த ப ம க ரி ஸ. இதற்கு மார்க்கவ் அட்டவணை போட்டுப் பாருங்கள். ‘க’வுக்கு அடுத்து ஏறும்போது ஒருமுறை ‘ம’ வருகிறது, இறங்கும்போது ஒருமுறை ‘ரி’ வருகிறது. பாதிக்குப் பாதி. இடையில் உள்ள ஆறு சுரங்களுக்கும் இதே கதை. ஆகவே ஒரு நாணயம் போதும். தலை விழுந்தால் மேலே, பூ விழுந்தால் கீழே. நான் சுண்டிப் பார்த்தபோது வந்தது: ஸ ரி க ரி ஸ ரி க ம க ரி க ம ப ம க ம. ஒவ்வோர் அடியும் சரியானது, வரிசையில் இல்லாத நகர்வு ஒன்றுகூட இல்லை. ஆனாலும் பிள்ளை மாடிப்படியில் நின்று விளையாடுவது போல அது அங்கேயே சுற்றுகிறது. ஏழு அடியில் எட்ட வேண்டிய மேல் ஸட்ஜத்துக்கு இப்படிப் போனால் சராசரியாக 49 அடி ஆகும்.

இப்போது நினைவை ஒரே ஒரு சுரம் கூட்டுங்கள். ‘ரி க’ என்று வந்தால் அடுத்தது எப்போதும் ‘ம’. ‘ம க’ என்று வந்தால் எப்போதும் ‘ரி’. நாணயத்துக்கு வேலையே இல்லை. சரளி வரிசை அட்சரம் பிசகாமல் திரும்ப வருகிறது. ஹார்வர்டில் 37 பாடல்களை வைத்துக் கண்டதை ஒரே சரளி வரிசையிலும் பார்த்துவிடலாம்.

அடுத்த நாற்பது ஆண்டுகளை வேகமாகக் கடந்துவிடலாம். 1983இல் மிடி வந்தது. கீபோர்டில் அழுத்திய சுரம் எண்ணாகக் கணினிக்குள் போகத் தொடங்கியது. 1980களின் பின்பாதியில் டேவிட் ஜிகரெல்லி எழுதிய ‘ஜாம் ஃபேக்டரி’ என்ற மென்பொருள், நாம் வாசிப்பதைக் கேட்டுத் தானே அட்டவணை போட்டுக்கொண்டு பதிலுக்கு வாசித்தது. 1996இல் ஸ்டைன்பர்க் நிறுவனம் விஎஸ்டி முறையைக் கொண்டுவந்தது. இசை மென்பொருளுக்குள் இன்னொரு மென்பொருளைச் செருகும் வழி அது. அப்படிச் செருகப்படுவதுதான் பிளகின். ஆய்வகத்தில் ஐந்து டன்னாக இருந்தது இப்படித்தான் வீட்டு மடிக்கணினியில் ஒரு சிறிய ஜன்னலாக வந்து உட்கார்ந்தது.

தூத்துக்குடி உப்பளங்களைப் பற்றி எனக்குத் தெரிந்த தம்பி ஒருவன் பதினொரு நிமிட ஆவணப்படம் எடுத்தான். இசை நான். விடியலில் பாத்திகளில் தண்ணீர் அசையாமல் கிடக்கிறது. தூரத்தில் இரண்டு பேர் உப்பு வாருகிறார்கள். வசனம் இல்லாத நான்கு நிமிடம். மோகன ராகத்தில் ஐந்து நிமிடம் சும்மா வாசித்துப் பதிவு செய்து, அதைப் பிளகினுக்குக் கொடுத்து, மணி போன்ற ஒலியில் ஓடவிட்டேன். மனதார ஒப்புக்கொள்கிறேன், நான் வாசித்திருந்தால் இவ்வளவு நன்றாக வந்திருக்காது. என் விரல்கள் இரண்டாவது நிமிடத்திலேயே பழகிய இடத்துக்கு ஓடியிருக்கும், எதையாவது முடித்துவைக்கப் பார்த்திருக்கும். அட்டவணைக்கு அந்த அவசரம் இல்லை. வெயில் ஏறும்வரை அது அலுக்காமல் அலைந்தது. அந்தக் காட்சிக்கு அலைதல்தான் வேண்டியிருந்தது. ஷேக்கர், ஹை-ஹாட் போன்ற தாள வேலையிலும் அப்படித்தான். ஒரே லூப் திரும்பத் திரும்ப ஓடும் அலுப்பு, சின்னச் சின்ன மாற்றங்களால் போய்விடும். அந்த வேலைக்கு இதைவிடச் சலிக்காத கை கிடையாது.

தலைப்புப் பாட்டில்தான் சிக்கல் வந்தது. அதே அட்டவணையிலிருந்து நாற்பது மெட்டுகள் எடுத்தேன். எல்லாம் மோகனம்தான், ஒன்றிலும் அபசுரம் இல்லை. தம்பி ஏழெட்டு கேட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றினான். “நல்லாத்தான் இருக்குண்ணே. ஆனா எங்கயும் போவலையே.”

அவன் சங்கீதம் படித்தவனில்லை. ஆனாலும் பாட்டு என்பது ஓர் இடத்துக்குப் போவது என்பது அவன் காதுக்குத் தெரியும். பல்லவியின் முதல் வரி எதையோ கேட்டுவிட்டு நிற்கிறது, அடுத்த வரி பதில் சொல்கிறது. சரணம் எவ்வளவு தூரம் போனாலும், பல்லவியின் எடுப்பை நோக்கித்தான் இறங்குகிறது. இந்த நினைவும் எதிர்பார்ப்பும் அட்டவணையில் எந்தக் கட்டத்திலும் இல்லை. சந்தத்தையும் அது அறியாது. பாடலாசிரியர் ‘தண்ணீர்’ என்று எழுதினால் முதல் அசை அழுந்தி, இரண்டாம் அசை நீள வேண்டும். அட்டவணை தந்த மெட்டு எழுதியவரின் சொல்லை நசுக்கியது. சுரத்தை அசைத்துப் பாடும் கமகம் இன்னும் கடினம். தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் அசையாமல் நிற்பது அரிது. ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் நடுவே ஊசலாடித்தான் அது காந்தாரம் ஆகிறது. பன்னிரண்டு கட்டத்தில் ஒரு கட்டமாக அதை அடைத்தால் எண்ணிக்கை சரியாக இருக்கும், தோடி இருக்காது. ராகத்தைச் சுரப்பட்டியலாக மட்டும் பார்த்துவிட்டு, ராகம் தருகிறோம் என்று சொல்லும் எந்த மென்பொருள் மீதும் எனக்கு நம்பிக்கை வருவதில்லை.

இந்தக் குறையைத் தீர்க்க உழைத்தவர்களில் பாரிஸில் சோனி கணினி அறிவியல் ஆய்வகத்தில் இருந்த பிரான்சுவா பாஷே முக்கியமானவர். அவருடைய ‘கன்டினியுவேட்டர்’, வாசிப்பவர் நிறுத்தியதும் அவர் பாணியிலேயே தொடரும். நீண்ட நினைவில் பொருத்தம் கிடைக்காவிட்டால் குறுகிய நினைவுக்கு இறங்கும். மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளிடம்கூட அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். பிற்பாடு அவரும் உடன் பணியாற்றியவர்களும் அட்டவணைக்கு நிபந்தனை போடும் வழிகளைக் கண்டார்கள். இந்தச் சுரத்தில்தான் முடிய வேண்டும் என்று முன்பே கட்டிவைப்பது ஒன்று. மூலப்பாடலிலிருந்து இத்தனை சுரத்துக்கு மேல் தொடர்ந்து எடுக்கக் கூடாது என்று வரம்பு போடுவது இன்னொன்று. புரூக்ஸ் குழு முட்டிக்கொண்ட இரண்டு சுவர்களுக்கும் ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்துக் கிடைத்த பதில் இவை. இத்தனைக்குப் பிறகும், 2016இல் அந்த ஆய்வகம் பீட்டில்ஸ் பாணியில் வெளியிட்ட ‘டாடிஸ் கார்’ பாட்டுக்கும், இசைக்கோர்ப்பும் வரிகளும் பெனுவா கரே என்ற மனிதருடையவை.

நரம்பு வலையமைப்பில் இயங்கும் புதியவற்றின் நினைவு மிக நீளம். கூகுளின் மஜென்டா குழு 2019இல் ஏபிள்டன் லைவுக்குத் தந்த கருவிகளில் ‘கன்டினியூ’ என்றே ஒன்று இருந்தது. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு கட்டமெல்லாம் அதில் இல்லை. ஆனாலும் இதுவரை வந்ததைப் பார்த்து அடுத்தது எது என்று கேட்பதுதான் அதன் வேலையும்.

பாஷே குழு செய்ததைக் கையாலேயே செய்து பார்த்தேன். பல்லவியின் கடைசி வரியை நானே முதலில் போட்டேன். பாடலாசிரியரின் சொற்களுக்கு ஏற்ப, ஸட்ஜத்தில் வந்து அமரும் வரி. அங்கே கொண்டுவந்து விடுகிற முன்வரிகளை மட்டும் பிளகினிடம் கேட்டுத் தேடினேன். மறுநாள் மத்தியானம் வரை ஆனது. கிடைத்த ஒன்றில் மூன்று சுரங்களை மாற்றினேன். ‘தண்ணீர்’ நீள வேண்டிய இடத்தில் நீட்டினேன்.

அதில் ஓரிடத்தில் தைவதத்திலிருந்து நேராக ரிஷபத்துக்கு ஒரு தாவல். நான் அப்படி வாசிக்கிறவன் இல்லை. எங்கிருந்து வந்தது என்று என் பழைய ஐந்து நிமிடப் பதிவைப் போட்டுக் கேட்டேன். மூன்றாவது நிமிடத்தில், ஒரே ஒரு முறை, இறங்கும்போது விரல் வழுக்கி ரிஷபத்தில் விழுந்திருக்கிறது. பிசகு என்று அன்றைக்கே மறந்துவிட்டேன். அட்டவணை அதையும் ஒன்று என்று எண்ணி வைத்திருந்தது. தம்பியிடம் போட்டுக்காட்டியபோது அந்த இடத்தை இன்னொரு தரம் கேட்டான். படத்தில் அது அப்படியே இருக்கிறது.