ரோமானியப் பேரரசர் ஐவரும் தமிழகக் காசுகளும்

இந்தியாவில் கிடைத்த ரோமானியக் காசுகள் பற்றிய ஆய்வு கல்கத்தாவில் வேரூன்றியதாகும். 1784இல் அங்குத் தோன்றிய ஆசியவியல் கழகத்தின் ஆய்வுத் தொகுதியில் நெல்லூர்க் காசுகள் பற்றிய குறிப்பு வெளிவந்தது. அக்கழகத்தின் சேமிப்பிலிருந்த ரோமானியக் காசுகளை ஜேம்சு பிரின்செப்பு 1832இல் ஆராய்ந்து எழுதினார். நெல்லூர்க் காசுகள் திராயன், ஏத்திரியன் முதலிய பிற்காலத்தார்க்கு உரியன. கொங்குநாட்டுப் புதையல்களிலோ முதல் மரபினராகிய அகசுத்தசு, திபேரியசு ஆகியோரின் வெள்ளிக் காசுகளே மிகுந்துள்ளன.

இதுகொண்டு வாணிகம் திபேரியசின் காலத்தில் (கி.பி. 14–37) உச்சமுற்றதென முடிவு கட்டுதல் பொருந்தாது. காசு அச்சான காலமும் அது கப்பலேறிய காலமும் ஒன்றல்ல. அம்மரபின் இறுதி வேந்தனான நீரோ கி.பி. 64 அளவில் வெள்ளிக்காசின் எடையையும் தரத்தையும் குறைத்தான். எனவே வணிகர் பழைய நற்காசுகளையே தேர்ந்து கொணர்ந்தனர் எனல் ஏற்புடையது. ரோமானிய வரலாற்றாசிரியர் தாசித்தசு வெறுத்தெழுதிய திபேரியசு, மிளகு விற்றோர்க்கு வெறும் எடையாகவே இருந்திருப்பான்!

1898இல் வெளிப்பட்ட புதுக்கோட்டைப் புதையல் இதற்கு அரண் செய்கிறது. அதன் 501 பொற்காசுகளுள் இம்மரபினர் காசுகளுடன், கி.பி. 69இல் அரியணையேறிய வெசுபாசியனின் காசும் உண்டு. ஆகவே மரபு அழிந்த பின்னரே அப்புதையல் முழுமை பெற்றது. பெரும்பாலான காசுகளில் பேரரசர் தலைமீது உளிவெட்டுக் காணப்படுகிறது. தேய்ந்தவற்றைச் செலாவணியினின்று நீக்கவே இவ்வாறு வெட்டினர் என்பர்.