துடைப்பம் மறுக்கப்பட்ட தெரு

குப்பையைக் கூட்டப் புறப்பட்ட இளைஞர்கள், அந்தக் குப்பையைக் கொண்டே தெருவை மறித்த வரலாறு ஒன்று உண்டு. 1969ஆம் ஆண்டுக் கோடையில், நியூயார்க் நகரின் கிழக்கு ஹார்லெம் என்னும் ஏழையர் பகுதியில் நடந்தது அது. துடைப்பமேந்தித் தொண்டாற்ற விழையும் தோழர்களுக்கு அதனை எடுத்துரைக்க விரும்புகிறோம்.

நியூயார்க் என்ன, குப்பை அள்ளத் தெரியாத நகரமா? அல்ல! 1895இல் தெருத் துப்புரவுத் துறையின் தலைமையேற்ற கர்னல் ஜார்ஜ் வேரிங், தெருக்கூட்டும் தொழிலாளர்க்கு வெள்ளுடை அணிவித்தார். ஊரார் கண்டு வியக்க அவர்களை அணிவகுத்து நடக்கச் செய்தார். சிறுவர் சங்கங்களையும் அமைத்தார். கப்பலேறிக் குடிபுகுந்தோரின் பிள்ளைகள், தெருவிலே குப்பை கொட்டாதீர் என்று பெற்றோர்க்கே பாடம் புகட்டினர். வழி அந்நகரத்துக்குத் தெரியும். யாருடைய தெரு என்று பார்த்துத் துப்புரவு செய்யும் நோய்தான் பின்னாளில் அதைப் பற்றியது.

1968 பிப்ரவரியில் துப்புரவுத் தொழிலாளர்கள் 9 நாள் வேலைநிறுத்தம் செய்தபோது மாநகரமே மூக்கைப் பிடித்துக்கொண்டது. படையை அனுப்புங்கள் என்று ஆளுநரிடம் கேட்டார் மேயர் ஜான் லிண்ட்சே, ஆளுநர் மறுத்தார். செல்வர் தெருவுக்கு ஒன்பது நாள் இடர்! கிழக்கு ஹார்லெமுக்கோ அது அன்றாட வாழ்வு.

அங்கு வாழ்ந்தோரிற் பெரும்பாலோர் போர்ட்டோ ரிக்கோ தீவினர். 1898இல் ஸ்பெயினிடமிருந்து அமெரிக்கா கவர்ந்த தீவு அது. 1917இலேயே அத்தீவினர் அமெரிக்கக் குடிமக்கள் ஆகிவிட்டனர். குடியுரிமை வந்தது, குப்பை வண்டி ஒழுங்காக வரவில்லை.

அம்மக்களின் பிள்ளைகளான மாணவர் சிலர், கூடிப் படித்து, கொள்கை பேசி, மக்களுக்கு உழைக்க முனைந்தனர். உங்கள் முதற்குறை யாது என்று தெருவில் இறங்கிக் கேட்டனர். விடுதலையைப் பற்றி மக்கள் விரித்துரைப்பார்கள் என்று எதிர்பார்த்திருந்தால், அவர்களுக்கு ஏமாற்றமே! ‘பசூரா’ என்றனர் மக்கள். ஸ்பானிய மொழியிலே குப்பை என்று பொருள். எந்த நூலகத்திலும் கிடைக்காத விடை!

மாணவர்கள் முகஞ்சுளிக்கவில்லை. வாரந்தோறும் 110ஆம் தெருவைக் கூட்டினர். முதலில் ஐயத்தோடு பார்த்த அண்டை வீட்டாரும் துணைக்கு வந்தனர். துடைப்பங்கள் போதவில்லை. துப்புரவுத் துறையிடம் சென்று கேட்டனர். கேட்டது பொன்னா, பொருளா? அரசு செய்ய வேண்டிய வேலையைத் தாங்களே செய்வதற்குத் துடைப்பம்! அதுவும் மறுக்கப்பட்டது.

ஜூலை 27ஆம் நாள், கூட்டிய குப்பையையெல்லாம் மூன்றாம் அவென்யூவின் குறுக்கே குவித்தனர். ஊர்திகள் அணிவகுத்துச் செல்லும் பெருஞ்சாலை அது. ஊர்திகள் நின்றன; உடனே அதிகாரிகளின் கண்கள் திறந்தன! ஆகஸ்டிலும் மறியல் தொடர்ந்தது. குப்பைக் குவியல்கள் எரிந்தன. எரியும் குப்பையின் நச்சுப்புகையை முதலில் சுவாசித்தோர் அத்தெரு மக்களே என்பதையும் நாம் மறைக்கப் போவதில்லை. ஆயினும், மாதக்கணக்கில் அங்கே குப்பையைக் கிடக்க விட்டவர்கள் எவர் என்ற கேள்வியை யாரும் எழுப்பாதிருக்க முடியவில்லை. லிண்ட்சே மீண்டும் தேர்தலுக்கு நின்ற ஆண்டு வேறு!

அவ்விளைஞர்கள் ‘யங் லார்ட்ஸ்’ என்று பெயர் பூண்டனர். இளம் பிரபுக்கள் என்பது பொருள். துடைப்பத்தோடு தெருவில் இறங்கிய பிரபுக்களை வரலாறு அதற்கு முன் அதிகம் கண்டதில்லை!

தெருவோடு அவர்கள் நிற்கவில்லை. 1970 ஜூனில், காசநோய் கண்டறியும் நகராட்சியின் எக்ஸ்ரே வண்டி ஒன்றைக் கைப்பற்றித் தங்கள் பகுதிக்கே ஓட்டி வந்தனர். போர்ட்டோ ரிக்கோவின் விடுதலைக்கு உழைத்த மருத்துவர் ராமோன் பெட்டான்சஸின் பெயரை அதற்குச் சூட்டினர். வண்டியை அங்கேயே இயக்க அதிகாரிகள் இசைந்தனர். ஓராண்டுக்கு முன் துடைப்பம் தர மறுத்த அதே நகர நிர்வாகம்!