கை மாறிய மின்சாரம்

வேங்கிக்காலில் எங்கள் தாத்தாவிடம் ஒரு டிரான்சிஸ்டர் இருந்தது. ரேடியோ என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. "டிரான்சிஸ்டரை எடுத்துக்கிட்டு வாடா" என்பார். அதைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏரிக்கரை வழியாகக் கழனிக்குப் போவார். பெட்டிக்குள் ஒளிந்திருக்கும் சின்னஞ்சிறு சாமானின் பெயரைப் பெட்டிக்கே சூட்டிவிட்டோம் என்பது அவருக்கும் தெரியாது. எனக்கும் அப்போது தெரியாது.

அந்தச் சாமான் பிறந்த கதை ருசியானது. 1947 டிசம்பர் 16-ஆம் தேதி, அமெரிக்காவில் மர்ரே ஹில் என்னும் இடத்திலுள்ள பெல் ஆராய்ச்சிக்கூடத்தில், ஜான் பார்டீன், வால்டர் பிராட்டைன் என்ற இருவர் ஜெர்மானியத் துண்டு ஒன்றின்மேல் இரண்டு தங்க முனைகளை மயிரிழை இடைவெளியில் அழுத்தி வைத்தார்கள். ஒரு முனையில் செலுத்திய சிறு மின் அதிர்வு மறு முனையில் பெரிதாக வெளிவந்தது. 23-ஆம் தேதி மேலதிகாரிகளின் முன்னிலையில் மனிதப் பேச்சையே பெருக்கிக் காட்டினார்கள். ஆற்றல் 18 மடங்கோ அதற்கு மேலோ பெருகியது என்று பிராட்டைன் தம் நோட்டில் எழுதிவைத்தார்.

கருவிக்கு மூன்று கால்கள். அதிர்வு நுழையும் கால் எமிட்டர். வெளியேறும் கால் கலெக்டர். இரண்டுக்கும் பொதுவாக நிற்பது பேஸ். கலெக்டர் என்றதும் எங்கள் ஊராருக்கு வேறு ஞாபகம் வரும். மாவட்ட ஆட்சியர் அலுவலகமே வேங்கிக்காலில்தான் இருக்கிறது! இந்தக் கலெக்டர் வேறு. உள்ளே வந்ததை வாங்கி வெளியே கொடுப்பதுதான் இதன் உத்தியோகம்.

இங்கேதான் ஒரு விசித்திரம். 1948-இல் ஷாக்லி வகுத்த சந்தி டிரான்சிஸ்டரை இதே முறையில் இணைத்தால், உள்ளே நுழையும் மின்னோட்டத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்குதான் வெளியே வருகிறது. குறைந்துதானே போயிற்று? பின் பெருகியது எது?

ஏரி மதகைப் பாருங்கள். அகன்ற வாய்க்காலில் கணுக்கால் அளவு ஓடும் தண்ணீரே குறுகிய வாய்க்காலில் முழங்கால் வரை ஏறுகிறது. தண்ணீர் கூடவில்லை; மட்டம் உயர்ந்தது. மின்சாரத்தில் மட்டத்துக்கு வோல்ட் என்று பெயர். வாய்க்காலின் குறுக்கத்துக்குத் தடை என்று பெயர்.

கணக்கும் சுலபம். எமிட்டரில் ஒரு மில்லி ஆம்பியர் ஓடும்போது நுழைவாயிலின் தடை சுமார் 25 ஓம். கலெக்டரில் 5000 ஓம் தடை வைத்திருக்கிறோம் என்று கொள்வோம். ஐயாயிரத்தை 25-ஆல் வகுத்தால் 200. அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு, அதாவது 196. ஒரு மில்லி வோல்ட் உள்ளே போனால் 196 மில்லி வோல்ட் வெளியே வரும். மாயமில்லை, கூடுதல் ஆற்றலைக் கொடுப்பது பாட்டரிக்கட்டை. வந்த அதிர்வு அதற்கு வழி காட்டுகிறது, அவ்வளவே.

சிறிய தடையில் நுழைந்த மின்னோட்டத்தைப் பெரிய தடைக்குக் கை மாற்றிவிடுகிற இந்தக் கருவிக்கு, 'டிரான்ஸ்ரெசிஸ்டன்ஸ்' என்ற சொல்லை ஒட்டி ஜான் பியர்ஸ் என்பவர் 1948-இல் டிரான்சிஸ்டர் என்று பெயர் வைத்தார். பார்டீன், பிராட்டைன், ஷாக்லி மூவருக்கும் 1956-இல் நோபல் பரிசு கிடைத்தது. பிற்காலத்துப் பெட்டிகளில் பேச்சைப் பெருக்க வேறு இணைப்பு முறைதான் அதிகம் வழங்கிற்று. ஆயினும் பெயர் மட்டும் மாறாமல் தங்கிவிட்டது.

அதற்கு முந்திய வால்வு ரேடியோ பெரும்பாலும் மின்சாரம் உள்ள வீட்டின் சொத்து. டிரான்சிஸ்டரோ டார்ச்சுக் கட்டைகளில் பாடியது. வரப்பு வரைக்கும் வந்தது. 1960-களில் தஞ்சை விவசாயிகள் ஆடுதுறை 27 என்ற புதிய குறுகிய கால நெல்லைப் பற்றி வானொலியில் கேட்டுத் தெரிந்துகொண்டு பயிரிட்டார்கள். அந்த நெல்லுக்கு ஊரார் வைத்த பெயர் 'ரேடியோ நெல்'!

எங்கள் தாத்தாவுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. கடுதாசி வந்தால் யாராவது படித்துச் சொல்ல வேண்டும். படித்தவன் சொன்னதுதான் சேதி. டிரான்சிஸ்டர் வந்த பிறகு மழைச் சேதியையும் விதைச் சேதியையும் அவரே முதலில் கேட்டார். மற்றவர்கள் திண்ணைக்கு வந்து அவரிடம் விசாரித்தார்கள். காற்றில் வந்தது மிக மெல்லிய அதிர்வுதான். அது கை மாறிய இடத்தில் அவர் மட்டமும் கொஞ்சம் உயர்ந்தது.